ஒதுங்கும் ஸ்டெப்பு

என் தங்கையின் முன்பல்லை உடைத்தது நான்தான். மேடையில், மைக்கால், ஊரே பார்க்க உடைத்தேன். பார்த்தவர்கள் கை தட்டினார்கள், விசிலடித்தார்கள், "ஒன்ஸ் மோர்" என்று கத்தினார்கள். நாங்கள் பாடியது ஏசல் பாட்டு. அக்காவும் தங்கையும் மேடையில் ஒருத்தியை ஒருத்தி வைது பாடி ஆடுவதுதான் எங்கள் தொழில் என்பதால், அடியும் ஆட்டத்தில் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டார்கள். இதைச் சொல்லாமல் எங்கள் புதுப் பாட்டைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது.

கல்யாண வீட்டில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் மாற்றி மாற்றிக் கேலி பாடுவார்களே, அதுதான் ஏசல். நாங்கள் அதற்குக் கீழே ட்ரம்ஸும் கீபோர்டும் வைத்து ஆட்டப் பாட்டாக்கினோம். திண்டுக்கல்லைச் சுற்றி எங்களைக் கூப்பிடாத திருவிழா குறைவு. அய்யலூர்ப் பக்கம் ஒரு நாள், நிலக்கோட்டைப் பக்கம் மறுநாள், நடுவில் தாடிக்கொம்பில் யார் வீட்டுக் காதுகுத்தாவது இருக்கும். போஸ்டரில் 'அக்கா தங்கச்சி' என்று போட்டால் போதும், பெயர் வேண்டியதில்லை.

ஏசலுக்கு வரி எழுதி வைத்துக்கொள்ள மாட்டோம். அந்த நேரத்தில் வாயில் வருவதுதான். ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு, அதை நான்தான் வைத்தேன். உண்மையைத் தொடக்கூடாது. தங்கை நல்ல சிவப்பு, அதனால் அவளைக் கரிச்சட்டி என்பேன். நான் ஈர்க்குச்சி மாதிரி இருப்பேன், அவள் என்னை அரிசி மூட்டை என்பாள். பொய்யை வைத்து வைதால் சிரிப்பு வரும். உண்மையை எடுத்தால் வெட்டுக்குத்துதான் வரும்.

அவளுக்குப் பாட்டும் ஆட்டமும் சொல்லிக்கொடுத்தது நான். அம்மா ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு பார்த்தாள், அப்பா கிடையாது. எனக்கு எட்டு வயது இளையவளை நான்தான் வளர்த்தேன். எனக்குக் கோபம் மூக்கு மேல் இருக்கும். தாளம் தப்பினால் அகப்பைக் காம்பால் முட்டியில் ஒன்று வைப்பேன். வரி மறந்தால் கன்னத்தில் விடுவேன். அவள் ஓடப் பார்த்தால், "ஓடுனா ரெண்டா விழும்" என்பேன். ஓட மாட்டாள். நின்ற இடத்திலேயே நின்று வாங்குவாள். அடியாத மாடு படியாது என்று கேட்பவர்களிடம் சொல்லிக்கொண்டேன். பழமொழிக்கென்ன, யார் கையில் குச்சி இருக்கிறதோ அவர்கள் பக்கமாகத்தான் பேசும்.

அவள் காலில் தாளம் அசையாமல் நிற்பதைப் பார்த்து ஊர் மெச்சியது. அந்தத் தாளம் என் கை போட்டது என்று நான் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். இப்போது எழுதும்போது கூசுகிறது. அப்போது கூசவில்லை.

மேடைத் தொழிலும் சாந்தமான தொழில் இல்லை. கேட்ட பாட்டு வராவிட்டால் நாற்காலி பறக்கும். மேலத்தெருவுக்கு ஒரு பாட்டு கூடப் பாடிவிட்டால் கீழத்தெரு ஜெனரேட்டர் வயரை அறுக்கும். ஒரு தடவை குடிகாரன் ஒருவன் மேடையேறி வந்து தங்கையின் தாவணியைப் பிடித்து இழுத்தான். மைக் ஸ்டாண்டைத் தூக்கி அவன் மண்டையில் போட்டேன். ரத்தம் கொட்டியபடி அவன் கீழே விழுந்தான், தங்கை என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். என் கை அவளைக் காப்பாற்றுகிற கை என்று நான் நம்புவதற்கு அந்த ஒரு நாள் போதுமாக இருந்தது.

பல் உடைந்தது ஒரு வைகாசித் திருவிழாவில். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் என் வீட்டுக்காரர் என்னை விட்டுவிட்டுப் போயிருந்தார். ஊருக்குத் தெரியும், மேடையில் யாரும் பேசுவதில்லை. அன்றைக்கு நான் அவளைக் கொஞ்சம் அதிகமாகவே வைதுகொண்டிருந்தேன். பதிலுக்கு அவள் இடுப்பில் கைவைத்து, கூட்டத்தைப் பார்த்துப் பாடினாள்: "சோத்துக்கு வெஞ்சனம் சரியில்லைன்னு சொல்லாமக் கொள்ளாமப் போனவன் எங்கே?"

கூட்டம் சிரித்தது. ட்ரம்ஸ்காரர் ஓர் உருட்டு உருட்டினார். என் கையில் மைக் இருந்தது. இரும்பு வலை போட்ட அதன் தலைப்பக்கம் அவள் வாயில் போய் இறங்கியது. மைக் ஆனில் இருந்ததால் பல் உடைந்த சத்தம் எட்டு ஸ்பீக்கர் பாக்ஸ் வழியாக ஊர் முழுக்கக் கேட்டது. அவள் உதடு கிழிந்து தாடை வழியாக ரத்தம் ஓடியது. அப்போதும் ட்ரம்ஸ் நிற்கவில்லை, விசிலும் நிற்கவில்லை. அவள் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் மேடைப் பலகையில் எதையோ துழாவினாள். பல்லைத்தான் தேடியிருக்கிறாள். அது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஏழு வருடம் பேச்சு வார்த்தை இல்லை. அவள் நிலக்கோட்டைக்குப் போய் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, பூ மார்க்கெட்டில் எடை போடும் வேலையில் சேர்ந்தாள். நான் தனியாக மேடையேறிப் பார்த்தேன். தனியாக நின்றுகொண்டு யாரை வைவது? நாலு மேடையில் கூட்டம் கலைந்தது, பிறகு யாரும் கூப்பிடவில்லை.

திண்டுக்கல்லில் ஒரு பூட்டுக்கடை மாடியில் ஸ்டுடியோ வைத்திருப்பவர் ஒருநாள் வீடு தேடி வந்தார். கல்யாண வீடியோவுக்கு மியூசிக் போடுகிறவர். "அக்கா, நான் மொத வரிசையில ஒக்காந்து ஒங்க ரெண்டு பேரையும் பாத்து வளந்தவன். ஒரே ஒரு பாட்டு. டான்ஸ் பாட்டு. யூடியூப்ல விடுவோம். 'அக்கா தங்கச்சி மறுபடியும்'னு போட்டா சும்மா பிச்சிக்கும்" என்றார்.

நான் பஸ் ஏறி நிலக்கோட்டைக்குப் போனேன். மார்க்கெட்டில் மல்லிகைக் குவியலுக்குப் பின்னால் தராசோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை தானாக வாய்க்குப் போனது. கட்டிய பல் சொந்தப் பல்லைவிட வெள்ளையாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவள், பாட்டைப் பற்றி மட்டும் பேசினேன். அதுதான் என் லட்சணம்.

தராசில் கிடந்த பூவைக் கூடையில் தட்டிவிட்டு அவள் சொன்னாள். "பாடுறேன். எனக்கும் பாட்டுன்னா ஆசதான். ஆனா ஒனக்கும் எனக்கும் நடுவுல எப்பவும் நாலு எட்டு எடம் இருக்கணும்."

"எதுக்குடி நாலு எட்டு?"

"ஒன் கை எட்டாத தூரம் அம்புட்டு."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே ஓர் ஆசை இருந்தது. இந்தப் பாட்டு முடிவதற்குள் அவள் என் பக்கத்தில் பயமில்லாமல் நிற்க வேண்டும். பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் சரி, அது நடக்க வேண்டும்.

ஸ்டுடியோவில் அவள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நடுவில் கண்ணாடி இருந்ததால் நன்றாக வைதாள். அவள் இத்தனை அழகாக என்னை வைது நான் கேட்டதே இல்லை. ஒரே டேக்கில் முடித்தாள். மியூசிக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். எனக்கு அழுகை வந்தது, மூக்கைச் சிந்துவதுபோல் வெளியே போய்விட்டேன்.

வினை வீடியோவில் வந்தது. மல்லிகைத் தோட்டத்தில் காலை வெயிலில் படம் பிடித்தார்கள். பல்லவி முடியும் இடத்துக்கு டான்ஸ் மாஸ்டர் ஒரு ஸ்டெப்பு வைத்தார். நான் அடிப்பதுபோல் கையை ஓங்க வேண்டும். தங்கை சிரித்துக்கொண்டே அப்படியே நிற்க வேண்டும். என் கை அவள் கன்னத்துக்குப் போகாமல் மேலே போய்த் தலையில் பூ வைக்க வேண்டும். இதற்கு மட்டும் நாலு எட்டை விட்டுக்கொடுக்க அவள் ஒத்துக்கொண்டாள்.

மியூசிக் ஓடியது. கையை ஓங்கினேன். அவள் ஒதுங்கினாள். கண் இறுக மூடியது, இடது தோள் காதுவரை ஏறியது, வலது கை வாயைப் பொத்தியது. கால் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. மாஸ்டர் "ஒன்ஸ் மோர்" என்றார். மறுபடி ஓங்கினேன், மறுபடி ஒதுங்கினாள். ஆறு தடவை எடுத்தோம். ஆறாவது தடவை என் கை தோளுக்கு வருவதற்குள்ளேயே அவள் தோள் ஏறிவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது. இதையும் மறைக்கப் போவதில்லை. பயப்படுகிறாளே என்று பரிதாபம் வரவில்லை, பயப்படுகிறாளே என்று கோபம்தான் வந்தது. "நான் என்ன ஒன்னய அடிக்கவாடி போறேன்?" என்று கத்திக்கொண்டு பக்கத்தில் இருந்த பூக்கூடையை எத்தினேன். மல்லிகை வரப்பெல்லாம் சிதறியது. காலடியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கித் தரையில் அடித்தேன், அதன் கால்கள் இரண்டு ஒடிந்து தெறித்தன. தங்கை அப்போதும் ஓடவில்லை. நின்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"விடுங்கக்கா. அவங்க பண்றது நல்லாத்தான் இருக்கு. பீட்டுல கரெக்ட்டா விழுது. அதையே வச்சுக்குவோம்" என்றார் மாஸ்டர். வைத்துக்கொண்டார்கள்.

பாட்டு வந்த ஒரு வாரத்தில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் காலேஜ் பிள்ளைகள் ஒதுங்கினார்கள். அய்யலூர்ச் சந்தையில் ஆட்டு வியாபாரிகள் துண்டை உதறிக்கொண்டு ஒதுங்கினார்கள். மண்டபத்தில் மாப்பிள்ளை கையை ஓங்க, பொண்ணு மாலையோடு ஒதுங்கினாள். அதற்கு 'ஒதுங்கும் ஸ்டெப்பு' என்று பெயரே வைத்துவிட்டார்கள். கண்ணை மூடி, தோளை ஏற்றி, வாயைப் பொத்தி, என் தங்கையின் உடம்பில் நான் இருபது வருடம் அடித்து அடித்து ஏற்றியதை ஊரே ஆடியது.

மியூசிக்காரர் ஆசையாக ஒவ்வொரு ரீல்ஸாக எனக்குக் காட்டுவார். ஒன்றில் ஒரு புருசன் அடுப்படியில் கையை ஓங்குகிறான். அவன் பெண்டாட்டி ஒதுங்குகிறாள். பின்னால் எங்கள் பாட்டு. அடியில் சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக நின்றன. அவள் ஒதுங்கியது பீட்டுக்கு முன்னால், அவன் கை ஏறுவதற்குள்ளேயே. எனக்கு அந்த முன்னால் தெரியும். போனை வாங்கிச் சுவரில் அடித்தேன். பாவம், அது அவருடைய போன்.

ஒரு கல்யாணத்தில் மேடைக்குக் கீழே மச்சானும் மாப்பிள்ளையும் இந்த ஸ்டெப்பைப் போட்டார்கள். ஓங்கியவர் பழைய பகையை நினைத்தாரோ என்னவோ, கையை நிறுத்தாமல் நிசமாகவே விட்டார். அடுத்த நிமிடம் இரண்டு வீட்டாரும் மோதிக்கொண்டார்கள். சாம்பார் வாளி பறந்தது, ஒருவருக்குக் காது கிழிந்தது. எங்கள் பாட்டை நிறுத்த யாருக்கும் தோன்றாததால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பவும் மேடைகள் வந்தன. ஒவ்வொரு மேடையிலும் அந்த ஸ்டெப்பை மூன்று நாலு தடவை கேட்டார்கள். நான் ஓங்குவேன், அவள் ஒதுங்குவாள், விசில் பறக்கும். வேனில் திரும்பும்போது முன் சீட்டில் அவள், கடைசி சீட்டில் நான். ஒருநாள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "ஒவ்வொரு தடவையும் ஒதுங்கக் கூடாதுன்னு நெனச்சுட்டுத்தான் நிக்கிறேன். ஒடம்பு கேக்க மாட்டேங்குது க்கா."

அந்த வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் மகள் ஒண்ணாம் வகுப்பு படிக்கிறாள், என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். "பெரியம்மா, பெரியம்மா, நீங்க கையத் தூக்குங்க. நான் அம்மா மாதிரி ஒதுங்குறேன்." நான் தூக்கவில்லை. அவள் பொறுக்காமல் தானே செய்து காட்டினாள். கண், தோள், வாயில் கை, எதுவும் பிசகவில்லை. சமையல்கட்டு வாசலில் தங்கை கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் சொன்னேன், இனி ஸ்டெப்பை மாற்றிக்கொள்வோம், நீ ஓங்கு, நான் ஒதுங்குகிறேன் என்று.

அடுத்த மேடைக்கு முந்தின மத்தியானம் ஸ்டுடியோவில் ஒத்திகை பார்த்தோம். அவள் கையை ஓங்கினாள். நான் ஒதுங்கினேன். மியூசிக்காரர் தலையைச் சொறிந்தார். "அக்கா, கோச்சுக்காதீங்க. வெயிலுக்கு மொகத்தத் திருப்புற மாதிரி இருக்கு." பத்துத் தடவை பார்த்தோம். எனக்கு வரவில்லை. குனிந்தால் தாமதமாகிறது, கண்ணை மூடினால் தோள் கீழே கிடக்கிறது. அம்மா என்னைத் தொட்டதில்லை. வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போனாரே தவிரக் கை நீட்டியதில்லை. தங்கை என்னை அடிப்பதாவது. ஒதுங்க என் உடம்புக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

"நீ கண்ணத் தொறந்தே வச்சிருக்க" என்றாள் தங்கை. "நான் அடிக்க மாட்டேன்னு ஒனக்குத் தெரியுது. அதான் வரல."

பிறகு சொல்லிக்கொடுத்தாள். நாலு எட்டுத் தள்ளி நின்றபடியே, சமையல் சொல்லிக்கொடுக்கிற குரலில் சொன்னாள். "மொதல்ல கண்ண மூடு. அடி எங்க விழுதுன்னு பாக்கக் கூடாது, பாத்தா கண்ணுல விழும். எடது தோள காதுக்கு ஏத்திக்க. நீ வலது கைக்காரி, எடப்பக்கந்தான் விழும். நாக்க உள்ள இழுத்துப் பல்லக் கடிச்சுக்க, இல்லன்னா நாக்கு வெட்டுப்பட்டுரும். கால மட்டும் நகத்தாத. ஓடுனா ரெண்டா விழும்."

ஓங்கப் போவது அவள். ஆனால் அவள் சொல்லிக்கொடுத்தது என் கையைப் பற்றி. மியூசிக்காரர் குனிந்து ஒயரைச் சரி செய்யத் தொடங்கினார். ஏழு வருடமாக வராத மன்னிப்பு அப்போது வந்தது. "தப்புப் பண்ணிட்டேன்டி. பல்லுக்கு மட்டும் சொல்லல. எல்லாத்துக்குந்தான்" என்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, "சரி, பீட்டப் போடச் சொல்லு" என்றாள்.

மறுநாள் விளக்குப் போடும் நேரத்துக்கு மேடையேறினோம். பல்லவி முடிந்தது. அவள் கையை ஓங்கினாள், நான் எனக்குத் தெரிந்தமட்டும் ஒதுங்கினேன். கூட்டம் ஒரு கணம் திகைத்தது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவன், "ஏய், இது இல்ல. பழைய ஸ்டெப்பப் போடு" என்றான். நாங்கள் மறுபடி மாற்றியே செய்தோம். "அக்கா கையத் தூக்கு, அக்கா கையத் தூக்கு" என்று கூட்டம் ஒரே குரலில் கத்த ஆரம்பித்தது. நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

முதலில் செருப்பு வந்தது. பிறகு நாற்காலி. கம்பு கட்டிய தடுப்பு முறியும் சத்தம் கேட்டது. பன்னீர் சோடா பாட்டில் ஒன்று வெளிச்சத்தில் பளபளத்துக்கொண்டு சுழன்று வந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். தங்கைக்குத் தோள் ஏறியது, கண் மூடியது, அவள் தப்பித்தாள். எனக்கு எதுவும் ஏறவில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு புருவத்தில் வாங்கினேன்.

முட்டி போட்டு விழுந்த என்னிடம் அவள் ஓடி வந்தாள். நாலு எட்டையும் தாண்டி வந்து, என் தலையைப் பிடித்துத் தன் மடிக்குள் அமுக்கி, மேலே குனிந்துகொண்டாள். அவள் முதுகில் என்னென்னவோ வந்து விழுந்தது. "கண்ண மூடுன்னு சொன்னேன்ல க்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். "கண்ண மூடுன்னு சொன்னேன்ல."

போலீஸ் லத்தியோடு வந்து கூட்டத்தை விரட்டிய பிறகு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஏழு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் என் பக்கத்தில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து வந்தாள். வலியிலும் எனக்கு அது போதும் என்று இருந்தது. நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது என்றே நினைத்தேன்.

வேகத்தடையில் ஆட்டோ குலுங்கியதில் தலையில் கட்டியிருந்த துண்டு அவிழ்ந்து கண்ணை மறைத்தது. சரி செய்யக் கையைத் தூக்கினேன். பக்கத்தில் இருந்தவள் ஒதுங்கினாள். கண், தோள், வாயில் கை. பாட்டு எங்கேயும் ஓடவில்லை.

நான் கையை மெதுவாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். துண்டு நழுவிக் கழுத்தில் விழுந்தது. செத்த நேரம் கழித்து அவளே அதை எடுத்து, ரத்தத்தைத் துடைத்துவிட்டு, திரும்பக் கட்டிவிட்டாள்.